சிலிண்டரைக் கழுவிய பிறகுதான் துரு பிடிக்கிறது

நிலாவெளிக் கடற்கரையில் சீசன் முடிந்ததும், கடலுக்கடியில் சுவாசிக்கக் காற்று அடைத்துக்கொண்டு போகும் டைவிங் சிலிண்டர்கள் சில மலைநாட்டு நுவரெலியாவிலுள்ள என் பட்டறைக்கு வரும். உள்ளே இருக்கும் துருவை எடுத்து, கழுவி, காயவைத்து அனுப்புவது என் வேலை. இந்த முறை வேலை பழக வந்த தம்பிமார் இருவரும் நான் அந்தக் காலத்தில் செய்த அதே பிழைகளை ஒவ்வொன்றாகச் செய்தார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

காற்றை முழுதாக இறக்காமல் வால்வைக் கழற்றக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன். சொல்வதெல்லாம் ஸ்டீல் சிலிண்டருக்கு மட்டும். அலுமினியத்தில் இந்தச் செந்துரு வராது.

பச்சைத் தண்ணீரில் கடைசி அலசல்

துருவை எடுத்த ஸ்டீலுக்கு மேலே எந்தப் பூச்சும் இல்லை. ஈரம் நின்றால் சில நிமிடங்களிலேயே செம்மஞ்சள் படலம் ஏறத் தொடங்கும். அதனால் கடைசி அலசல் கொதிநீரில்தான். நம்மூரின் 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், பரவாயில்லை, அந்தச் சூடு போதும். சூடேறிய ஸ்டீல் தன்மேல் இருக்கும் ஈரத்தைத் தானே ஆவியாக்கும். அலசியவுடன் கவிழ்த்துவிடுங்கள்.

டயர் கடைக் காற்று

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. "அண்ணே, இதுவும் காற்றுதானே" என்று சொல்லிக்கொண்டே ஒரு தம்பி பட்டறைக் கொம்பிரசரின் குழாயை இழுத்து வந்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பல வருடங்களுக்கு முன், ஒரு மழை நாள் பின்னேரம், நானும் அப்படித்தான் மூன்று சிலிண்டர்களுக்கு ஊதினேன். இரவு பார்க்கும்போது பளபளவென்று இருந்தன. காலையில் டோர்ச் அடித்தால் உள்ளே மேலிருந்து அடிவரை செம்மஞ்சள் கோடுகள். கழுத்துக்குள் விரலை விட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. மூன்றையும் திரும்பச் சுரண்டி, எண்ணெய் போகக் கழுவ இரண்டு நாள் ஆனது. கூலியும் வாங்கவில்லை, லொறிக் கூலியும் நானே கொடுத்தேன்.

காரணம் இதுதான். கொம்பிரசர் இழுப்பது நம்மூர் மூடுபனிக் காற்றை. அமுக்கிய காற்று ஆறும்போது அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகி டாங்கியின் அடியில் தேங்கும். குழாயைத் திறந்தால் அந்தத் தண்ணீரும் இயந்திர எண்ணெயும் பொடித் துளிகளாக வெளியே வரும். காயவைப்பதாக நினைத்து நனைத்துக்கொண்டிருப்போம். துருவையாவது திரும்பச் சுரண்டலாம். எண்ணெய் படிந்த சிலிண்டரில் பிறகு யாராவது ஒட்சிசன் கூடிய கலவையை ஏற்றினால் தீப்பற்றும் ஆபத்து இருக்கிறது.

நிரப்பும் நிலையத்தில் வடிகட்டி ஏற்றிய டைவிங் காற்றையே பயன்படுத்துங்கள். அது மிகவும் உலர்ந்த காற்று, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியேறும். 12 லீட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு ஏறக்குறைய 2,400 லீட்டர் காற்று இருக்கிறது. அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் வழியாக மெதுவாக விட்டால் ஒன்றை வைத்துப் பல சிலிண்டர்களைக் காயவைக்கலாம்.

கழுத்தில் மட்டும் ஊதுவது

குழாய் அடிவரை போகவேண்டும்.

வெயிலை நம்பிக் கவிழ்த்து வைப்பது

மூடுபனி இறங்கும் ஊரில் இது சரிவராது.

ஆறும் முன்பே காற்றை நிறுத்துவது

சூடான சிலிண்டர் ஆறும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நம்மூரில் அது ஈரக்காற்று. அப்புறம் குளிர்ந்த ஸ்டீலில் பனி மாதிரிப் படியும். தொட்டால் கையில் சூடு தெரியாமல் போகும் வரை உலர்ந்த காற்றை மெல்லியதாக விட்டபடியே இருங்கள்.

டோர்ச் அடிக்காமல் வால்வைப் பூட்டுவது

கழுத்துக்குக் கீழ் வளைவையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள், ஈரம் ஒளிந்திருப்பது அங்கேதான். ஈரத்தோடு மூடி மாதக்கணக்கில் வைத்தால் துரு உள்ளே இருக்கும் ஒட்சிசனைத் தின்றுவிடும். அந்தக் காற்றைச் சுவாசித்துக் கடலுக்குள் இறங்குபவர் மயங்கிவிடலாம். எங்கள் பட்டறையிலிருந்து போகும் ஒவ்வொரு சிலிண்டரையும் இரண்டு பேர் பார்க்கிறோம். பிறகு வால்வைப் பூட்டி, கொஞ்சம் உலர்ந்த காற்றை ஏற்றித்தான் லொறியில் வைக்கிறோம்.