இலங்கைத் தேர்தலையும் நம் தேர்தலையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் நான் நடத்தும் டி.என்.பி.எஸ்.சி. மாலை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது இந்த ஒப்பீட்டை எழுதிக்கொண்டு வருவார்கள். பலருடைய தாத்தா பாட்டி 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி அங்கிருந்து வந்து இந்தத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள். ஆண்டும் பெயரும் மாறிப்போனால் புத்தகம் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கீழே உள்ளவை அப்படிப்பட்டவை அல்ல.

‘தொகுதி’ என்ற சொல்லை நம்பிவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். கூடலூர் தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவர் எம்.எல்.ஏ., அவ்வளவுதான். இலங்கையின் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதிக்கும் தனியாக முடிவு அறிவிப்பார்கள். ஆனால் அதிலிருந்து யாரும் எம்.பி. ஆவதில்லை. அங்கே 22 தேர்தல் மாவட்டங்களுக்கு 196 இடங்கள். கட்சிகள் வாங்கிய வாக்கின் விகிதப்படி பங்கிடுகிறார்கள். இன்னும் 29 பேர், நாடு முழுக்கக் கட்சி வாங்கிய வாக்கின்படி, தேசியப் பட்டியலில் வருகிறார்கள்.

நானும் ஒருமுறை 160 தொகுதி முடிவுகளை வைத்து, கட்சிக்கு எத்தனை எம்.பி. என்று அட்டவணை போட்டு, இருநூறு படி எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒரு மாணவியின் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, ஹட்டனில் இருக்கும் தன் தங்கைக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை என் பக்கம் திருப்பினார். தங்கை சொன்னது இது (புள்ளடி என்றால் வாக்குச்சீட்டில் போடும் பெருக்கல் குறி):

“கட்சிக்கு ஒரு புள்ளடி தம்பி. அப்புறம் அதே கட்சியில பிடிச்ச மூணு பேரு நம்பருக்குப் புள்ளடி. எங்க மாவட்டத்துல நாலு தொகுதி, எட்டு எம்.பி. தொகுதிக்கு ஒருத்தருன்னு யாரு சொன்னா?”

தாள்களைத் திரும்பக் கேட்டேன். நாற்பதுக்கு மேல் வரவே இல்லை. அதைப் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போனவர்கள் இருப்பார்கள் என்பது இன்னும் உறுத்துகிறது.

விகிதம் என்றால் அச்சு மாறாமல் வரும் என்று நினைப்பது

2014இல் பா.ஜ.க. 31 சதவீத வாக்கில் 543இல் 282 இடம் பிடித்தது. அங்கே அவ்வளவு இடைவெளி விழாது, ஆனாலும் விழும். மாவட்டத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் இடம் உண்டு. 5 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த மாவட்டத்தில் இடமே இல்லை. 2024இல் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்த வாக்கு 61.56 சதவீதம், இடங்கள் 225இல் 159.

இரண்டு விருப்பு வாக்கையும் ஒன்றாக்குவது

நாடாளுமன்றத் தேர்தலில் ஆட்களுக்குப் போடும் மூன்று புள்ளடிதான் விருப்பு வாக்கு; மூன்றுக்கும் ஒரே மதிப்பு. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று பார்ப்பார்கள். 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதத்தில் நின்றதால், இது முதல்முறையாக நடந்தது.

இயந்திரமா, வாக்குச்சீட்டா?

ஒரு வரி எழுதிவிட்டு மேலே போங்கள்.