ஏ.சி. குளிரவில்லையா? உடனே கேஸைக் குறை சொல்லாதீர்கள்

ஏ.சி. குளிரவில்லை என்றதும் வீட்டில் யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: ‘கேஸ் தீர்ந்திருக்கும்.’ ஓட ஓடத் தீர்ந்துபோக, குளிரூட்டும் வாயுவான அந்தக் கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோல் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால், நிரப்பியதும் அதே வழியாகப் போய்விடும். மெக்கானிக் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ‘கேஸ் போட்டுவிடுங்கள்’ என்று நாமே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுப்பது பெரிய தவறு.

அவரை அழைக்கும் முன் ஏ.சி.யை அணைத்து, முன்மூடியைத் தூக்கி, ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சாம்பல் நிறக் கம்பளிபோலத் தூசி அப்பியிருந்தால், அறைக் காற்று உள்ளே குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலைப் போய்ச் சேரவே இல்லை. காற்றுப் படாத காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, அதில் படியும் ஈரம் பனியாக உறைகிறது. பனி கட்டினால் நன்றாகக் குளிரும் என்று தோன்றலாம். உண்மையில் மிச்சமிருக்கும் காற்றுவழியையும் அது அடைத்துவிடும். இந்த இடத்தில் சிலர் பனியைச் சுரண்ட ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். காயிலில் இருப்பவை நகம் பட்டாலே மடங்கும் தகடுகள். குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் நிஜமாகவே போய்விடும். மின்விசிறி நிலையில் மட்டும் ஓடவிடுங்கள், சில மணி நேரத்தில் பனி தானாக உருகும். ஃபில்டரை வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அதன் பிறகும் பனி கட்டினால் கேஸ் மீது சந்தேகப்படலாம். கேஸ் குறைந்தாலும் காயில் உறையும்.

சீக்கிரம் குளிரட்டும் என்று 16 டிகிரியில் வைப்பதும் வீண் வேலை. இன்வெர்ட்டர் அல்லாத சாதாரண ஏ.சி.யில், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசருக்குத் தெரிந்தது ஓடுவதும் நிற்பதும்தான்; 24 வைத்தாலும் 16 வைத்தாலும் ஒரே வேகம். அறை 16-ஐத் தொடப்போவதில்லை என்பதால், இயந்திரத்துக்கு ஓய்வு மட்டும் போய்விடும்.

காற்று வருகிறது, குளிர் இல்லையா? முதலில் ரிமோட்டைப் பாருங்கள். யாரோ பொத்தானை அழுத்தி, குளிரூட்டலைக் குறிக்கும் நட்சத்திரம் போன்ற பனிப்படம் இருந்த இடத்தில் மின்விசிறிப் படம் வந்திருக்கும். சிரிப்புக்கு இல்லை, இதற்காகவே மெக்கானிக்கை வரவழைத்தவர்கள் உண்டு. அணைத்த உடனே மீண்டும் போட்டால் கம்ப்ரசர் ஏறக்குறைய 3 நிமிடம் காத்திருந்துதான் கிளம்பும். அது தற்காப்பு, பழுதல்ல. பொறுக்காமல் மறுபடி மறுபடி அணைத்தால் காத்திருப்புதான் நீளும்.

உள்ளே தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாயில் அழுக்கோ பாசியோ அடைத்திருக்கும்; அல்லது குழாயின் வெளிமுனை வளைந்து மேலேறியிருக்கும்.

மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்சான எம்.சி.பி. விழுந்தால் ஒருமுறை தூக்கிவிட்டுப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். தீய்ந்த வாடை வந்தால் அந்த ஒருமுறையும் வேண்டாம். வெளி யூனிட்டைத் திறக்கவும் கூடாது. மின்சாரத்தை அணைத்த பிறகும் அதன் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும், தொட்டால் அடிக்கும். மெக்கானிக்கை அழைக்கும் முன், உள் யூனிட்டின் விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது, திரையில் என்ன எண் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு மெயினை அணையுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக அதுதான்.