ஆடி ஓய்ந்தவர் நடுவராக நிற்க

டேவிட் ஷெப்பர்ட் 1965 முதல் 1979 வரை இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் கிரிக்கெட் அணிக்குத் துடுப்பெடுத்தாடியவர். 1981இல் நடுவரானார், 92 டெஸ்ட்களிலும் மூன்று உலகக் கிண்ண இறுதிகளிலும் நின்றார். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஆடி ஓய்ந்தவர்களும் அப்படி வரவேண்டும்.

ஓவரின் ஆறு பந்தை எண்ண, இடக்கையில் ஆறு புளியங்கொட்டை. ஒவ்வொரு பந்து முடியவும் ஒன்றைச் சட்டைப்பைக்குள் போடுங்கள்.

முதலில் பந்துவீச்சாளரின் முன்காலைப் பாருங்கள், பிறகு எதிர்முனையை. பழைய ஆட்டக்காரரின் கண் பந்தோடேயே போய்விடும். நோபோல், அதாவது முன்கால் கோட்டைத் தாண்டிய பந்து, கண்ணுக்குத் தவறுவது அதனால்தான். லெக் ஸ்டம்புக்கு (துடுப்பாட்டக்காரரின் கால்பக்க ஸ்டம்புக்கு) வெளியே குத்திய பந்துக்கு எல்பிடபிள்யூ (பந்து காலில் பட்டு ஆட்டமிழப்பது) இல்லை, எவ்வளவு கத்தினாலும். ரன் அவுட்டென்றால் பக்கவாட்டில் ஓடிக் கோட்டுக்கு நேரே நில்லுங்கள்.

கச்சான் காற்றுக்கு ஸ்டம்புகளின் மேல் வைக்கும் சிறு கட்டைகளான பெயில்ஸ் நிற்காது. இரு நடுவரும் பேசி எடுத்துவிடலாம், ஆனால் இரண்டு முனையிலும் எடுக்கவேண்டும். பிறகு பந்து ஸ்டம்பில் பட்டதா என்பது உங்கள் தீர்ப்பு.