மாபெரும் நூலகத்தைக் களமாக வைத்து ஆட்டம் நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, சுங்கை சிப்புட்டில் நாங்கள் வழக்கமாகக் கூடும் டியூஷன் வகுப்பு மாடியில், பதினெட்டு வயதுத் தம்பி ஒருவன் முதன்முறையாக ஆட்டம் நடத்தினான். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் கதை விளையாட்டு இது. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் விதிமுறை, அதோடு மாபெரும் நூலகம் ஒன்றைக் களமாகத் தரும் துணைநூல். மேசையைச் சுற்றி ஐந்து பேர். பூட்டிக் கிடக்கும் கோபுரத்தைத் திறக்கும் வழி அந்த நூலகத்தில் ஏதோ ஓர் ஏட்டில் இருக்கிறது. அதுதான் கதை.

"நான் அந்த ஏட்டைத் தேடறேன்" என்றாள் ஆறாம் படிவம் படிக்கும் பெண்.

"உருட்டு."

4 விழுந்தது.

"ஒண்ணும் கிடைக்கல."

"சரி, மறுபடியும் தேடறேன்."

"அதான் தேடியாச்சே."

அவ்வளவுதான். யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு பேர் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். ஓரமாக உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே தவறை இதே மேசையில் நான் செய்திருக்கிறேன். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இன்னும் இரண்டு பேரும் செய்திருக்கிறார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். விதியை மறப்பது, தயாரிக்காமல் வருவது, ஒருவரையே பேசவிடுவது போன்றவற்றை இங்கே தொடப்போவதில்லை. நாலு வாரம் நடத்தினால் அவை தாமாகச் சரியாகிவிடும். நூலகக் களத்துக்கே உரிய தவறுகள் அப்படிச் சரியாவதில்லை.

துணைநூலை வாசித்துக் காட்டுவது

துணைநூலில் நூலகம் எப்போது கட்டப்பட்டது, யார் கட்டினார், எத்தனை பிரிவு என்று பக்கம் பக்கமாக இருக்கும். அது உங்களுக்கு எழுதப்பட்டது. ஆட வந்தவர்களுக்கு அல்ல. முதல் நாள் நான் இருபது நிமிடம் வாசித்தேன். கேட்டவர்களுக்கு நினைவில் நின்றது, "புத்தகங்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள்" என்ற ஒரு வரிதான். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு பேராலயத்து நூலகத்தில் அந்தச் சங்கிலிகள் இன்றும் இருக்கின்றன. அங்கே புத்தகங்களின் முதுகு உள்பக்கம் பார்த்திருக்கும். சங்கிலி சிக்காமல் எடுத்துப் பிரிக்க அதுதான் வசதி. வெளியிலிருந்து பார்த்தால் எந்தப் புத்தகத்தின் பெயரும் தெரியாது. இப்படி ஒரு விவரத்தைக் கொடுத்து, அதை அவர்கள் கையால் தொட்டுப் பார்க்க விடுங்கள். மீதியைத் தேவைப்படும்போது சொல்லிக்கொள்ளலாம்.

உருட்டு, கிடைத்தது, முடிந்தது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இந்தத் தவறு மேல்தான். ஒரு நல்ல ஆட்டக்காரியை இதனால் இழந்தேன்.

பதினான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து, அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அந்தப் பெண் வாரா வாரம் வருவாள். அவளுடைய பாத்திரம் ஏடெழுதுபவள். வாள் பிடிக்கத் தெரியாது, மந்திரம் தெரியாது. தேடுவதிலும் படிப்பதிலும்தான் எல்லாத் திறமையும். காட்டிலும் குகையிலும் மற்றவர்கள் சண்டை போட்டபோதெல்லாம், "நூலகம் வரட்டும்" என்று பொறுமையாகக் காத்திருந்தாள். நாலாவது வாரம் நூலகம் வந்தது. உருட்டினாள். 3. "கிடைக்கவில்லை" என்றேன். பக்கத்தில் இருந்த பையனின் பாத்திரம் எழுத்தே தெரியாத போர்வீரன். அவன் சும்மா ஒரு முறை உருட்டினான். 19. "உனக்குக் கிடைத்துவிட்டது" என்றேன்.

அவள் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு வாரம் வந்தாள். பிறகு வரவில்லை. கேட்டபோது, "வேலை இருக்குண்ணே" என்றாள். அடுத்த மாதத்துக்குள் அந்தக் கதையே நின்றுபோனது.

கணக்கையும் பாருங்கள். பகடையில் விழுந்ததோடு பாத்திரத்தின் திறமைக்கான கூட்டல் 5 சேர்ந்து, இலக்கு எண் 15ஐ எட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 55 சதவீதம். ஒருவர் மட்டும் உருட்டினால், ஏறக்குறைய பாதிக்குப் பாதி உங்கள் கதை அங்கேயே நிற்கும். அதே திறமையுள்ள நாலு பேரும் உருட்டினால், யாராவது ஒருவருக்குக் கிடைக்க 96 சதவீத வாய்ப்பு. அப்போது எதற்கு உருட்ட வேண்டும்? மூன்று ஏடுகளைக் கண்டுபிடித்தால்தான் கதை நகரும் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒருவரே ஒரு தடவை உருட்டலாம் என்றும் வைத்தால், மூன்றும் கிடைக்கும் வாய்ப்பு 17 சதவீதத்துக்கும் கீழே. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

ராபின் லாஸ் வடிவமைத்த கம்ஷூ விதிமுறை இதை நேராகத் தீர்த்துவைத்தது. கதைக்கு அவசியமான தடயத்துக்குப் பகடையே கிடையாது. அதற்குரிய திறமை உள்ள பாத்திரம் சரியான இடத்தில் தேடினால் கிடைத்துவிடும். நீங்கள் எந்த விதிமுறையில் ஆடினாலும் இதை எடுத்துக்கொள்ளலாம். ஏடெழுதுபவள் தேடினால் ஏடு கிடைக்கும். அது யார் கையில் இருக்கிறது, எத்தனை நாளாகும், என்ன நிலையில் வரும், பதிலுக்கு என்ன கேட்பார்கள் என்பதிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

இதை எனக்குப் புரியவைத்தது எங்கள் தோட்டத்து அலமாரி. மாரியம்மன் கோயில் மண்டபத்தை ஒட்டி ஒரு சிறிய வாசகசாலை இருந்தது. இரண்டு இரும்பு அலமாரி, உள்ளே நாவல்கள், உரைநூல்கள், கயிறு போட்டுக் கட்டிய பழைய தமிழ் நேசன். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றபோது, தாத்தா எழுதிய கவிதை ஒன்று அதில் ஒரு பொங்கல் சமயத்தில் வந்தது என்று பாட்டி சொன்ன நினைவு வந்தது. தேடப் போனேன். அலமாரிச் சாவி கோயில் பொருளாளரிடம். அவரோ ஈப்போவில் மகள் வீட்டில். அவர் வந்து திறந்தால் அந்த வருடத்துக் கட்டு இல்லை. இரவல் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது, அடுத்த தோட்டத்துக்காரர். அந்தத் தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துப் பல வருடமாகிவிட்டது. குடும்பம் கமுந்திங்குக்குப் போய்விட்டதாக மளிகைக் கடைக்காரர் சொன்னார். மூன்றாவது மாதம் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கட்டு அங்கே பத்திரமாக இருந்தது. கவிதை இருந்த இடம் மட்டும் கத்தரிக்கப்பட்டிருந்தது. அந்தப் பெரியவர் உள்ளே போய், கவிதைகளை ஒட்டிவைத்திருந்த தம் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். தாத்தாவின் கவிதை முதல் பக்கத்தில் இருந்தது.

அந்த மூன்று மாதமும் "தேடினேன்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். நூலகக் களத்தில் நாம் ஆட வேண்டியது அந்த மூன்று மாதத்தைத்தான். சாவிக்காரர், பதிவேடு, இடிந்த லயம், கத்தரித்த பக்கம், எல்லாமே ஒரு காட்சியாகும். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராகப் போனதும் இப்படித்தான். சில இடங்களில் அவர் போவதற்குள் ஏடுகள் ஆற்றிலும் தீயிலும் போயிருந்தன. பழங்கால எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தில் கிரேக்கக் கவிஞர் கலிமாக்கஸ் 120 சுருள்களில் ஒரு பட்டியல் செய்தார். அதில் ஒவ்வொரு நூலின் முதல் வரியையும் குறித்துவைத்தார். தலைப்பு தெரியாமல் முதல் வரி மட்டும் தெரிந்த ஒரு பாத்திரத்தை அப்படி ஒரு பட்டியலின் முன்னால் நிறுத்திப் பாருங்கள், ஒரு மணி நேரம் போவது தெரியாது.

அப்போ பகடை எதற்கு? ஏட்டைச் சரியாகப் படிப்பதற்கு. பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. சென்ற வருடம் நான் நடத்திய ஆட்டத்தில், கோபுரக் காவலனைப் பற்றிய ஓலையில் கடைசிச் சொல்லாக "கொல" என்று எழுதிக் கொடுத்தேன். உருட்டலில் தவறிய போர்வீரன் அதைக் "கொல்" என்று படித்து வாளை உருவினான். நன்றாக உருட்டிய ஏடெழுதுபவர், "இரு, இரு, அது கோல்!" என்று கத்தினார். காவலனுக்கு வேண்டியிருந்தது அவன் தொலைத்த கோல். மேசையே எழுந்து நின்றது. உருட்டல் தவறினாலும் கதை நிற்கவில்லை. வேறு பக்கம் திரும்பியது, அவ்வளவே.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் மறுபடியும் தேடினாள். அவன் பகடையைத் தொடவில்லை. "அந்த இடம் காலியா இருக்கு. தூசியில புதுசா விரல் தடம்" என்றான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "கடைசியா யார் இரவல் வாங்கினாங்க?" என்று கேட்டாள். இரவு பதினொன்றரைக்கு நான்தான் விளக்கை அணைத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

எல்லாம் தெரிந்த நூலகர்

வேண்டாம். ஒருவருக்கு ஒரு பிரிவுதான் தெரியட்டும்.

வாசலைச் சும்மா தாண்டவிடுவது

இந்த விளையாட்டு உலகில் அதிகம் பேருக்குத் தெரிந்த கற்பனை நூலகம் காண்டில்கீப். 2021இல் அதை மையமாக வைத்து 17 சாகசங்கள் கொண்ட தொகுப்பே வந்தது. அந்தக் கோட்டைக்குள் நுழைய, அங்கே இல்லாத ஒரு நூலைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். புதிதாக நடத்துகிறவர்கள் பலர், "சரி, கொடுத்தாச்சு, உள்ளே வாங்க" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எவ்வளவு நல்ல இடத்தை விடுகிறார்கள் என்று எனக்குத் தாங்காது. எந்த நூல்? அது யாருடையது? கொடுத்தபின் திரும்பக் கிடைக்குமா? அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் கப்பல்களிலிருந்த நூல்களை வாங்கி, நகல் எடுத்து, நகலைத் திருப்பிக் கொடுத்து மூலத்தை வைத்துக்கொண்டார்கள் என்று பழங்கால கிரேக்க மருத்துவர் கேலன் எழுதியிருக்கிறார். உங்கள் ஆட்டக்காரரின் அப்பா கைப்பட எழுதிய நாட்குறிப்பை அப்படி ஒரு வாசலில் கேட்டுப் பாருங்கள்.

முழு வரைபடம்

மூன்று அறை போதும்.

தீ

கதைக்குச் சூடு வேண்டும் என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது நூலகத்தை எரிப்பது. நம்முடைய மேசையில் அதைச் செய்வதற்கு முன் கேட்டுவிடுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் ஓலைச்சுவடிகளும் இருந்தன. மலேசியத் தோட்டங்களில் கிராணிமாராக, அதாவது எழுத்தர்களாக, வேலை பார்த்தவர்களில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறைய. அப்படி ஒரு குடும்பத்துப் பிள்ளை எங்கள் மேசையிலும் இருந்தான். நான் தீயை வருணித்துக்கொண்டே போக, அவன் எதுவும் சொல்லாமல் எழுந்து வெளியே போய் நின்றான். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு ஆட்டத்தை அதோடு நிறுத்தினோம்.

எல்லாரும் சம்மதித்து அப்படி ஒரு கதை வேண்டும் என்றால், எரிந்தபின் என்ன மிஞ்சியது என்பதிலிருந்து தொடங்குங்கள். கி.மு. 612இல் நினிவே நகரம் எரிந்தபோது அசீரிய மன்னர் அசூர்பனிபாலின் நூலகத்துக் களிமண் பலகைகள் தீயில் சுட்டு இறுகின. அதனாலேயே பல பலகைகள் இன்றுவரை இருக்கின்றன. பாதி உடைந்த பலகைகளைப் பொருத்திப் படிக்கும் வேலை ஒரு வருடத்துக்குப் போதும்.

புத்தகப் பெயர்கள்

"அலமாரியில் வேறென்ன இருக்கு?" என்று கட்டாயம் கேட்பார்கள். பத்துப் பெயரை முதல் நாளே எழுதிக் கையில் வைத்திருங்கள்.