யார் தடுக்கிறார்கள் என்பதை முதல் அரை நிமிடத்தில் காட்டுங்கள்

மணிலாவில் கைக்காசு போட்டு மியூசிக் வீடியோ எடுக்க வரும் புதுக் குழுக்கள் விரும்பி எடுக்கும் கதை ஒன்று உண்டு: ‘பாவல்’. தகலோக் மொழியில் ‘கூடாது’ என்று பொருள். கூடாத காதல். நான்கு நிமிடப் பாட்டு, இரண்டு நடிகர்கள், ஒரே நாள் படப்பிடிப்பு. ஃபோகஸ் தவறுவதும் பேட்டரி தீர்வதும் அடுத்த வீடியோவில் தானாகச் சரியாகிவிடும். ஐந்தாவது வீடியோ வரை கூடவே வரும் தவறுகள் வேறு.

தடையைக் கடைசிவரை ஒளித்து வைப்பது

பணத்தை அதிகம் விழுங்குவது இதுதான். மணிலா விரிகுடாவில் சூரியன் மறைகிறது, இருவரும் சிரிக்கிறார்கள், ஜீப்னி என்னும் ஷேர் வண்டியில் தோளோடு தோள் உரசுகிறார்கள். கடைசிப் பல்லவியில் அவள் விரலில் திருமண மோதிரம். பார்ப்பவர் அதிர்ந்துபோவார் என்பது கணக்கு. ஆனால் அதுவரை மூன்று நிமிடமாக அவர் பார்த்தது சாதாரணக் காதல் ஜோடியைத்தான். பாடகர் ஏன் இப்படி உருகுகிறார் என்பது அவருக்குப் புரியவில்லை. வலிக்குக் காரணம் வந்து சேரும்போது பாட்டு முடிந்துவிடுகிறது.

எடிட்டிங் மேசையில்தான் குழு இதை உணரும். மோதிரத்தை முன்னால் கொண்டுவரலாம் என்று தேடினால் ஷாட் இருக்காது. திருப்பத்தைக் காப்பாற்றுவதற்காக மற்ற எல்லா ஷாட்டிலும் அவள் வெறும் விரலோடு நடித்திருப்பாள். திரையில் ‘அவள் மணமானவள்’ என்று எழுத்துப் போடுவார்கள், அல்லது இன்னொரு நாள் ரீஷூட் போவார்கள். அதற்குள் நடிகரின் முடிவெட்டு மாறியிருக்கும், வீட்டுக்காரர் இடம் தர மறுத்திருப்பார்.

அந்த ஊரில் தடை என்பது வெறும் மனக்கஷ்டம் இல்லை. முஸ்லிம்களுக்கான 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தை விட்டால், பிலிப்பைன்ஸ் தம்பதிகள் உள்நாட்டில் விவாகரத்து பெற வழியில்லை. கணவனைப் பிரிந்து பத்து வருடமானவளும் சட்டப்படி மனைவிதான். மணம் செல்லாது என்று நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கவேண்டும். அதற்குக் காசும் வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். 1930 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமோ கணவன், மனைவி இருவரையும் ஒரே தராசில் வைப்பதில்லை. 333 ஆம் பிரிவின்படி மனைவி ஒருமுறை உறவுகொண்டாலே குற்றம். அவள் மணமானவள் என்று தெரிந்தே உறவுகொண்ட ஆணும் குற்றவாளி. கணவன்மீது 334 ஆம் பிரிவு பாய வேண்டுமானால், அவன் இன்னொருத்தியை மனைவியோடு வாழும் வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும், அல்லது ஊர் சிரிக்கும்படி உறவு கொள்ள வேண்டும், அல்லது வேறிடத்தில் அவளோடு சேர்ந்து வாழ வேண்டும். அந்த இன்னொருத்திக்குத் தண்டனை ‘தெஸ்தியெர்ரோ’: குறிப்பிட்ட இடத்திலிருந்து 25 முதல் 250 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நுழையக் கூடாது.

ஆகவே இரண்டு நடிகருக்கும் ஒரே பயத்தைக் கொடுத்து நடிக்கவைப்பது தவறு. மணமானவள் அவள் என்றால், தெருவில் முதலில் கையை விடுவிப்பது அவளாக இருக்க வேண்டும். மணமானவன் அவன் என்றால், அவன் அலட்சியமாக உலவலாம். பேருந்து நிலையத்தில் பெட்டியோடு தனியே நிற்பது அவனுடைய காதலிதான்.

புகார் கொடுக்கும் உரிமை ஏமாற்றப்பட்ட துணைக்கு மட்டுமே உண்டு. அந்த மூன்றாவது ஆள் சட்டகத்துக்குள் எங்காவது இருந்தே ஆக வேண்டும். சுவரில் மாட்டிய கல்யாணப் படம் கண்ணில் நிற்காது. ‘பாலிக்பாயன்’ பெட்டி நிற்கும். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் சோப்பு, சாக்லேட், டப்பா உணவு, துணிமணி எல்லாம் அடைத்து வீட்டுக்கு அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டி அது. பிலிப்பைன்ஸில் அதை விளக்க ஒரு வரி வசனமும் தேவைப்படாது.

இப்படி எடுங்கள். முதல் 10 வினாடி: பெட்டிமேல் தடித்த மார்க்கரில் அனுப்பியவர் பெயர். அடுத்த 10: மோதிரம் போட்ட கை டேப்பைக் கிழிக்கிறது. அதற்கடுத்த 10: வீடியோ அழைப்பின் வெளிச்சம் அவள் முகத்தில், குரல் கேட்க வேண்டாம். பிறகு காதலன் வருகிறான், பெட்டியைச் சுற்றித்தான் அவன் உள்ளே நுழைய முடிகிறது. வீட்டுக் காட்சிகள் எல்லாவற்றிலும் பெட்டி ஓரத்தில் கிடக்கட்டும். கிழித்த டேப்பை மறுபடி முன்போலவே ஒட்ட முடியாது. ஒரே அளவில் மூன்று பெட்டி வாங்குங்கள்: மூடியது, திறந்தது, காலியானது. ஒவ்வொரு செட்டப்பிலும் கேமரா ஓடுமுன், மோதிரம் மாறிவிடாமல் இருக்க, அவள் இடது கையை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக் காட்சிகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பாடும் காட்சியை முதலில் வைத்துக்கொண்டால் அதிலேயே மாலையாகிவிடும். டிசம்பரில் மணிலாவில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும்.

பெற்றோர் மறுக்கும் கதையில் வயதைச் சொல்லாதது

18 வயது முதல் 21 ஆகும்வரை மணம் முடிக்கப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 21 முதல் 25 வரை அவர்களின் ஆலோசனை கேட்க வேண்டும். அது சாதகமாக இல்லையென்றால் திருமண உரிமம் மூன்று மாதம் தள்ளிப்போகும். நாயகிக்கு 20 என்றால் அப்பாவின் ‘முடியாது’ உண்மையிலேயே கதவை அடைக்கும். 28 என்றால் அது மனத்தை மட்டுமே தொடும். இரண்டும் வேறு வேறு வீடியோ. பிறந்தநாள் கேக் மேல் எண் மெழுகுவத்தி ஒன்று போதும். பள்ளிச் சீருடையில் காதல் வேண்டவே வேண்டாம்.

ஒரே பாலினக் காதலில் போலீஸ்

அங்கே அது குற்றமில்லை. குடும்பச் சட்டத்தின் முதல் பிரிவே திருமணத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியதாக வரையறுக்கிறது. மூடியிருப்பது அந்தக் கதவு. சைரனை விட்டுவிட்டு, ஞாயிறு மதியச் சாப்பாட்டு மேசையில் ‘நண்பன்’ என்று அறிமுகமாகும் அந்த நொடியை எடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் செயற்கை மழை

வேண்டாம்.

விளக்கு துடிப்பது

பிலிப்பைன்ஸ் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 ஃபிரேமில் வழக்கமான 180 டிகிரி ஷட்டர், அதாவது 1/48 வினாடி வைத்தால், நொடிக்கு 120 முறை துடிக்கும் மலிவு டியூப்லைட்டும் எல்இடியும் படத்தில் அலையடிக்கும். ஷட்டரை 144 டிகிரிக்கு, அதாவது 1/60 வினாடிக்கு மாற்றுங்கள். சென்னையிலிருந்து கேமரா கொண்டுபோகிறவர்கள் 50 ஹெர்ட்ஸுக்கு வைத்த 1/50 ஐ மாற்ற மறந்துவிடுவார்கள். ரகசியச் சந்திப்புகள் நடப்பது பெரும்பாலும் இந்த விளக்குகளின் கீழேதான். எடிட்டிங்கில் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது.

மெதுவாக நகரும் முகம், பொருந்தாத உதடு

உருக்கத்துக்காக வேகத்தைக் குறைப்பவர்கள் பாட்டைச் சாதாரண வேகத்திலேயே ஒலிக்கவிடுகிறார்கள். 48 ஃபிரேமில் எடுத்து 24 இல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் தளத்தில் பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் தகலோக் வரிகளைப் பாடகரால் சொல்ல முடியவில்லையென்றால் 36 ஃபிரேம், ஒன்றரை மடங்கு. முதல் நாள் இரவே இரண்டு வேகத்திலும் பாட்டைத் தயார்செய்து அவரிடம் கொடுத்துவிடுங்கள்.