பிள்ளையின் ரிப்போர்ட்டில் ‘எச்’ போட்டிருந்தால்

பிள்ளையின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கையில் கிடைத்ததும் எல்லாரும் ‘எச்’, ‘எல்’ எழுத்துகளைத்தான் தேடுவார்கள். அதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, மேலே இருக்கிற பெயரையும் வயதையும் முதலில் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் தாளில் 33 என்று விழுந்திருக்கும். சில தாளில் வயதுக் கட்டமே வெறுமையாகக் கிடக்கும். வயது பிழையாக இருந்தால் கீழே உள்ள ‘எச்’, ‘எல்’ எழுத்துகளை நம்ப முடியாது. மெஷினுக்குப் பிள்ளையைத் தெரியாது. தனக்குள் பதிந்து வைத்திருக்கிற அளவோடு எண்ணை ஒப்பிட்டு, கூடினால் எச், குறைந்தால் எல் போடும், அவ்வளவுதான்.

நான் மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில் ரத்தம் எடுத்து, சோதித்து, ரிப்போர்ட் கொடுக்கிற ஆள். “மிஸ், இது பயமான விஷயமா?” என்று யாராவது கேட்காத நாளே இல்லை. நோய் இன்னதென்று சொல்வது டொக்டரின் வேலை, அதில் நான் வாய் வைப்பதில்லை. தாளை எப்படிப் பார்ப்பது, டொக்டரிடம் எதைக் கேட்பது என்பதைச் சொல்லித் தரலாம்.

எண்ணுக்குப் பக்கத்தில் “இத்தனை முதல் இத்தனை வரை” என்று ஒரு அளவு இருக்கும். சுகமாக இருக்கிற நூறு பேரின் ரத்தத்தைச் சோதித்தால் ஏறக்குறைய 95 பேரின் எண் அதற்குள் விழும். மிச்சம் ஐந்து பேரும் சுகதேகிகள்தான், அவர்களுக்கும் எச்சோ எல்லோ வரும். எஃப்.பி.சி (ரத்த அணுக்களை எண்ணுகிற சோதனை) தாளில் இருபது வரி வரைக்கும் இருக்கிறதே, அதில் ஒன்றிரண்டு வரி எல்லையைக் கொஞ்சம் தாண்டி நிற்பது வழமை. 11.0 இருக்கவேண்டிய இடத்தில் 10.9 என்று வந்ததற்காக இரவெல்லாம் விழித்திருக்கத் தேவையில்லை.

அடுத்ததாக, அந்த அளவு யாருடையது என்று பாருங்கள். சில இடங்களில் குழந்தைக்கும் பெரியவர்களின் அளவையே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். காத்தான்குடியில் இருந்து வந்த ஒரு வாப்பா தாளை மேசையில் வைத்து விரலால் தட்டினார். பிள்ளைக்கு மூன்று வயது. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான லிம்போசைட் 58 வீதம், பக்கத்தில் எச். இன்னொரு வகையான நியூட்ரோபில் 33 வீதம், பக்கத்தில் எல். “போன்ல பாத்தன் மிஸ், ரத்தப் புற்றுநோயாம்.” அந்தத் தாளில் இருந்தது பெரியவர்களின் அளவு. பெரியவர்களுக்கு நியூட்ரோபில்தான் கூட. குழந்தைகளுக்கு அது தலைகீழ்: நாலு, ஐந்து வயது வரை லிம்போசைட்தான் கூடி நிற்கும். அதோடு, வீதத்தை மட்டும் பார்க்கக் கூடாது. மொத்த வெள்ளை அணுக்கள் 9,200 என்றால், அதில் 33 வீதம் கிட்டத்தட்ட 3,000. நியூட்ரோபில் 1,500 இற்குக் கீழே போனால்தான் குறைவு என்பார்கள். அந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டி, தாளை டொக்டரிடம் கொண்டுபோகச் சொன்னேன்.

இதே கதைதான் ஈரல் சோதனையில் வருகிற அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்ற நொதிக்கும். வளர்கிற எலும்பில் இருந்தும் அது வரும் என்பதால், பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே சில பிள்ளைகளுக்கு ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு அது திடீரென்று பல மடங்கு ஏறி, சில மாதத்தில் தானாக இறங்கிவிடும். மற்ற ஈரல் எண்கள் சரியாக இருக்கின்றனவா என்று டொக்டரைக் கேளுங்கள்.

ரத்தம் உறைய உதவுகிற அணுவான பிளேட்லெட்டுக்கு வருவோம். மாரி மழை தொடங்கினால் மட்டக்களப்பில் எல்லா அம்மாமாரின் வாயிலும் இந்த ஒரு சொல்தான். தாளில் 245 என்று மட்டும் இருந்தால் பதறாதீர்கள், அது ஆயிரக் கணக்கு: 2,45,000. ஒன்றரை லட்சத்தில் இருந்து நாலரை லட்சம் வரை சாதாரணம். டெங்கு என்று சந்தேகம் வந்தால் ஒரு நாள் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிளேட்லெட்டோடு பி.சி.வியையும் (ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் எத்தனை வீதம் என்பது) எழுதுங்கள், சில தாளில் அது எச்.சி.டி என்று இருக்கும். நம் சனம் அதைப் பார்ப்பதே இல்லை, டொக்டர் பார்ப்பதோ அதைத்தான். 35 இல் இருந்த பி.சி.வி 42 ஆனால் அது 20 வீத ஏற்றம், ரத்தக் குழாயில் இருந்து நீர் கசிகிறது என்று அர்த்தம். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் வார்ட்டில் சேர்க்கச் சொல்வார்கள். டெங்குவைக் கண்டுபிடிக்கிற என்.எஸ்.1 சோதனையில் இல்லை என்று வந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது, காய்ச்சல் தொடங்கி நாலைந்து நாளான பிறகு எடுத்தால் டெங்கு இருந்தும் தப்பிவிடும்.

காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைப்பதுதான் டெங்கில் ஆபத்து, கசிவு அந்த நேரத்தில்தான் தொடங்கும். கடும் வயிற்று நோ, விடாத வாந்தி, கைகால் குளிர்வு, சலம் (சிறுநீர்) குறைவு, பல் முரசில் ரத்தம், பிள்ளை சோர்ந்து படுப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ரிப்போர்ட் வரட்டும் என்று இருக்காமல் போதனா வைத்தியசாலைக்கோ கல்முனைக்கோ, எது கிட்டவோ அங்கே ஓடுங்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறு மாத்திரை வேண்டாம்.

இதற்கு எதிர்மாறாகவும் நடக்கும். காய்ச்சலே இல்லாத, முற்றத்தில் ஓடித் திரிகிற பிள்ளைக்குப் பிளேட்லெட் 40,000 என்று வரும். பிள்ளை கையை உதறி அழுது, ரத்தம் மெல்ல மெல்லச் சொட்டி, குழாய்க்குள்ளேயே அணுக்கள் ஒட்டிக்கொண்டால் மெஷின் அவற்றை எண்ணாது. பிளட் பிக்சர் எடுத்து, கண்ணாடித் தகட்டில் கண்ணால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கைக்குழந்தையின் குதியை அமுக்கிப் பிழிந்து எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் கூடிக் காட்டுவதும் இப்படித்தான், அணு உடைந்து உள்ளே இருந்தது வெளியே வந்துவிடும்.

ஏ.எஸ்.ஓ.டி என்ற ரத்தச் சோதனையில் 200 இற்கு மேல் என்றால் இதய நோய் என்று ஒரு பயம் ஊரில் உண்டு. பிள்ளைக்கு முன்பு ஒரு தரம் ஸ்ட்ரெப் கிருமியால் தொண்டை நோ வந்திருக்கிறது, அதைத்தான் அது சொல்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இது கூடி நிற்பது புதினமில்லை, இறங்க மாதக் கணக்கில் ஆகும். மூட்டு வீங்கி நோகிறதா, இதயத்தில் சத்தம் கேட்கிறதா என்பதைச் சோதித்துத்தான் டொக்டர் முடிவெடுப்பார்.

சலப் பரிசோதனையில் சீழ் அணுக்களோடு எபிதீலியல் அணுக்களும் நிறைய என்று இருந்தால், அநேகமாகத் தோலில் இருந்து கலந்ததுதான். நன்றாகக் கழுவி, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, உடனே கொண்டுவாருங்கள். கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை) எடுப்பதென்றால் அன்டிபயோட்டிக் கொடுக்க முதல் எடுக்க வேண்டும், ஒரு நேர மருந்து உள்ளே போனாலும் கிருமி ஒளிந்துகொள்ளும்.

ஹீமோகுளோபினும் எம்.சி.வியும் (சிவப்பு அணுவின் சராசரி பருமன்) குறைவாக இருந்தால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவுதான். சோறு தின்ற கையோடு பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்கிற பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள், தேயிலை இரும்பைச் சேரவிடாது. இரும்புப் பாணியை ஒழுங்காகக் கொடுத்தும் ஒரு மாதத்தில் எண் ஏறவில்லையா? எம்.சி.வியைச் சிவப்பு அணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 62 ஐ 5.8 ஆல் வகுத்தால் 10.7. விடை 13 இற்குக் கீழே வந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கடத்தியாக (அதன் மரபணுவைச் சுமப்பவராக) இருக்கலாம், அதற்கான சோதனை வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். இது குறிப்புத்தான், முடிவல்ல. கடத்தியாக இருப்பது பிள்ளைக்கு நோயில்லை. ஆனால் தாய் தகப்பன் இருவரும் கடத்தி என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அடுத்த பிள்ளைக்கு யோசிக்கிறவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே நாளில் மூன்று லேப்பில் ரத்தம் கொடுக்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். மெஷினும் அளவும் இடத்துக்கு இடம் வேறு, குழப்பம்தான் கூடும், பிள்ளையின் கையும் பாவம். டொக்டர் திரும்ப எடுக்கச் சொன்னால் எப்போது, எதைப் பார்க்க என்று கேட்டு, அதே லேப்பில் எடுங்கள். அம்பாறை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. வெளிநாட்டில் இருக்கிற மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் எச் போட்ட வரியை மட்டும் வெட்டி அனுப்பாமல் முழுத் தாளையும் அனுப்புங்கள். பிள்ளையின் வயது, காய்ச்சல் தொடங்கிய நாள், கொடுத்த மருந்து மூன்றையும் கீழே எழுதிவிடுங்கள். பழைய தாள்களை எறியாமல் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டுக்குள் திகதி வாரியாக அடுக்கி வையுங்கள், கிளினிக்கில் டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.