மும்பைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு: புயலுக்கும் பெருமழைக்கும் முன்

தமிழ்நாட்டிலிருந்து இங்கு குடிவருபவர்கள் பலருக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் மழைக்காலம், புயல்காலம். மும்பையில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கு தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 11-ஐ ஒட்டித் தொடங்கிச் செப்டம்பர் வரை நீடிக்கிறது; அரபிக்கடல் புயல்களோ பெரும்பாலும் அதற்கு முன்னதாக மே, ஜூன் மாதங்களிலும், மழை ஓய்ந்த பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் உருவாகின்றன. 2020 ஜூன் 3 அன்று நிசர்கா புயல் மும்பையை அடுத்த கடற்கரை ஊரான அலிபாகுக்குத் தெற்கே கரையைக் கடந்தது. 2021 மே 17 அன்று டவ்தே புயல் மும்பையில் கரையேறாமல் குஜராத்தை நோக்கிச் சென்றபோதுகூட, நகரில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசி ஏராளமான மரங்களைச் சாய்த்தது. ஆகவே வீட்டுக்கான ஏற்பாடுகளைச் சித்திரை முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

அடுத்து, இந்த ஊரின் நில அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். தென்மும்பை என்பது ஏழு தீவுகளுக்கு இடையே இருந்த கடலையும் சதுப்பையும் தூர்த்து உருவான நிலம். பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும்படி கட்டப்பட்டவை. பின்னர் அதை 50 ஆக உயர்த்தும் பணிகள் தொடங்கப்பட்டன. அவற்றின் வாய் கடலில் திறப்பதால், கடல் ஏறி நிற்கும் நேரத்தில் மழைநீர் வெளியேற வழியில்லாமல் தெருவிலேயே தேங்குகிறது. அதனால்தான் இவ்வூர்க்காரர்கள் மழை அறிவிப்போடு ‘ஹை டைட்’ நேரத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். மாநகராட்சியின் பேரிடர் மேலாண்மைப் பிரிவு அன்றாடம் அதை வெளியிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக உயரமாக ஏறும். அந்நாட்களில் அது பெரும்பாலும் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் நிகழும். ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டுகிறது, அதே நேரத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கையும் இருக்கிறது என்றால், அந்த மணிநேரங்களில் சாலையில் இருக்காதீர்கள்.

2005 ஜூலை 26 அன்று நகரின் வடபகுதியான சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நாளில் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர்தான். தெற்கே அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ‘இது சாதாரண மழைதானே’ என்று முடிவுசெய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உங்கள் வீடு குர்லாவிலோ அந்தேரியிலோ இருந்தால் அங்குள்ளவர்களைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சயான், குர்லா தண்டவாளங்கள் மூழ்கினால் மத்திய ரயில்பாதை நின்றுவிடும். மாட்டுங்காவுக்குக் கோயிலுக்கோ கடைக்கோ போகிறவர்கள் கிங்ஸ் சர்க்கிள் அருகிலுள்ள காந்தி மார்க்கெட்டையும், பரேல் பக்கம் ஹிந்த்மாதாவையும், மேற்கே மிலன், அந்தேரி சுரங்கப்பாதைகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இவை பல ஆண்டுகளாக முதலில் மூழ்கிவந்த இடங்கள்.

தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ தரைத்தள அறையை வாடகைக்கு எடுப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் சுவரின் அடிப்பகுதியை உற்றுப் பாருங்கள். புதிய சுண்ணாம்புக்கு அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு நேராக ஓடினால், சென்ற ஆண்டுகளில் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கலாம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டால் எந்த வருடம் என்பதையும் சொல்லிவிடுவார். குளிர்சாதனப் பெட்டியையும் அரிசி டிரம்மையும் அந்தக் கோட்டுக்கு மேல் வரும்படி செங்கல் அடுக்கி ஏற்றிவையுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் அனைத்தையும் தடித்த பாலித்தீன் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் வாசலை எட்டும்போதே அதை அணைத்துவிட வேண்டும். கூரைத் தகரத்தின் மேல் கல்லை மட்டும் வைத்திருந்தால் போதாது, பலத்த காற்றில் தகரத்தோடு கல்லும் பறக்கும். கம்பியால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டி, அதன் மேல் தார்ப்பாய் போடுங்கள்.

மலைச்சரிவில் வீடு எடுத்தவர்களுக்கு நிலைமை வேறு. 2021 ஜூலை 18 அதிகாலையில் செம்பூர் மாஹுல் பகுதியில் சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்ததில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மாண்டார்கள். மாநகராட்சி ஊழியர்கள் வந்து வெளியேறச் சொன்னால், சாமான்களை நினைத்துத் தயங்காமல் குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

வெளியில் மாட்டிக்கொண்டால் மரத்தடியிலோ விளம்பரப் பலகையின் கீழோ ஒதுங்காதீர்கள். 2024 மே 13 அன்று காட்கோபரில் பெட்ரோல் பங்க் மீது ராட்சதப் பலகை சாய்ந்து 17 பேர் உயிரிழந்தார்கள். தேங்கிய நீரில் நடந்தே தீர வேண்டுமானால், குடையையோ கம்பையோ முன்னால் ஊன்றித் தரை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அடியெடுத்து வையுங்கள், ஏனெனில் நீர் வடிவதற்காகத் திறந்துவிடப்பட்ட மேன்ஹோல் கண்ணுக்குத் தெரியாது. காரில் இருந்தால், தண்ணீர் ஏறுவதைக் கண்டதுமே கதவைத் திறந்து இறங்கிவிடுங்கள். தானியங்கிப் பூட்டு செயலிழந்து காருக்குள்ளேயே மூச்சுத்திணறி இறந்தவர்கள் 2005-இல் உண்டு. உதவிக்கு மாநகராட்சியின் 1916 என்ற எண்ணை அழைக்கலாம்.

வெள்ளம் வடிந்த பின் தரைத்தொட்டியைக் கழுவாமல் அதன் நீரைப் பயன்படுத்தாதீர்கள். குடிநீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். எலிக்காய்ச்சல் இவ்வூரில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது. காலில் புண்ணோ வெடிப்போ உள்ளவர்கள் வெள்ளநீரில் நடந்திருந்தால், காய்ச்சலுக்காகக் காத்திராமல் மூன்று நாட்களுக்குள் அருகிலுள்ள மாநகராட்சி மருந்தகத்துக்குச் சென்று, தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.